ஆறு பெட்டிகளில் கை படவில்லை

பாவாயிக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும், இங்கிலீஷ் தெரியாது. எட்டாவது வரை படித்தவர். ஆனாலும் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அப்புசாமியின் அச்சகத்தில் இங்கிலீஷ் வேலை எது வந்தாலும் அது அவர் மேசைக்குத்தான் போகும். அர்த்தம் புரிந்து படிக்கிறவர்கள் பிழையைத் தாண்டிப் போய்விடுவார்கள், அர்த்தம் புரியாத பாவாயி ஒவ்வொரு எழுத்தாக நின்று பார்த்துத்தான் நகர்வார் என்று அப்புசாமி சொல்வதுண்டு.

ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் சேகோ பேக்டரியில் கூலி வேலை. மரவள்ளிக்கிழங்கை அரைத்து, மாவுப் பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, ஜவ்வரிசியாக்கிக் களத்தில் காயவைக்கிற வேலை. எழுபதாம் வருஷம் காத்தானுக்கு வாழ்க்கைப்பட்டுச் சேலம் வந்தார். காத்தான் திருச்செங்கோட்டு ரிக் லாரி ஒன்றில் போர் போடுகிற ஆள். வருஷத்தில் எட்டு மாசம் ஆந்திராவிலோ மத்தியப் பிரதேசத்திலோ பாறையைக் குடைந்துகொண்டிருப்பார். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், எழுபத்து மூன்றில் பாவாயி அச்சகத்தில் காகிதம் மடிக்கும் வேலைக்குச் சேர்ந்தார்.

எழுத்துக் கோர்க்க அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அச்சடித்து முடித்த ஈய எழுத்துகளைக் கழுவி, அதது அதன் பெட்டியில் திரும்பப் போட வேண்டும். யாருக்கும் பிடிக்காத அந்த வேலையைப் பாவாயியிடம் தள்ளிவிட்டார்கள். ஒரு வருஷம் பிரித்துப் போட்டதில் எந்த எழுத்துக்கு எந்தப் பெட்டி என்று விரலுக்குத் தெரிந்துவிட்டது. ஈய எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறித்தான் இருக்கும். மற்றவர்களுக்கு அது தடுமாற்றம். பாவாயிக்கு நாளடைவில் நேர் எழுத்தைவிடத் தலைகீழ் எழுத்துதான் சுலபமாகப் பட்டது. எழுபத்தைந்தில் கம்பாசிட்டர் ஆனார். கல்யாணப் பத்திரிகை, லாரி புக்கிங் ஆபீஸ் பில் புத்தகம், நூல் மில் லேபிள், கல்லூரி மலர் என்று எல்லாம் கோர்த்தார்.

ஒரே ஒருமுறை பெரிய தப்பு நடந்தது. எழுபத்தெட்டில் ஒரு கல்யாணப் பத்திரிகை. காப்பியில், அதாவது எழுதிக் கொடுத்த கையெழுத்துப் பிரதியில், ‘கந்தம்பாளையம்’ என்று இருந்தது. பாவாயி சேலத்துக் கந்தம்பட்டியைத்தான் கேள்விப்பட்டிருந்தார். பாவம், அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டார்கள் என்று நினைத்து, கந்தம்பட்டி என்று திருத்திக் கோர்த்துவிட்டார். கந்தம்பாளையம் பரமத்திப் பக்கம் இருக்கிறது. முகூர்த்த நாளன்று இரண்டு பஸ் நிறைய உறவுக்காரர்கள் சேலத்துக் கந்தம்பட்டியில் இறங்கி மண்டபத்தைத் தேடினார்கள். அதன் பிறகு அப்புசாமி ஒரு சட்டம் போட்டார்.

“காப்பியில என்ன இருக்குதோ அது. ஈ செத்து ஒட்டியிருந்தா அந்த ஈயையும் சேத்துக் கோரு. நீயா ரோசன பண்ணாத.”

பாவாயி அதை மீறியதே இல்லை. எட்டு வருஷம்.

எண்பத்தாறு ஏப்ரல் மாதம் ஒரு நாள் காலை, வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து சௌந்திரம் என்ற பேராசிரியை அச்சகத்துக்கு வந்தார். பரமத்திப் பக்கத்து விவசாயக் குடும்பம். பாவாயியைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். அவருடைய பல்கலைக்கழகத்தில் அந்த வருஷம் ஒரு புது முதுகலைப் படிப்பு தொடங்கினார்கள். உயிரித் தொழில்நுட்பம் என்று அதற்குப் பெயர். பெயரே அப்போது புதிது. அப்புசாமி அது உர வியாபாரத்தில் சேர்ந்ததா, மருந்து வியாபாரத்தில் சேர்ந்ததா என்று கேட்டாராம். அந்தப் படிப்புக்கு ஆள் எடுக்க நுழைவுத் தேர்வு. கேள்வித்தாள் வெளியே கசியக்கூடாது என்பதற்காகத் தொலைவில் இருக்கிற, யாரும் நினைத்துப் பார்க்காத ஒரு சின்ன அச்சகமாகத் தேடி வந்திருந்தார்கள்.

மூன்று நாள் அச்சகத்தின் முன்கதவு சாத்தியே இருந்தது. உள்ளே அப்புசாமி, மெஷின் ஓட்டும் சின்னண்ணன், பாவாயி, சௌந்திரம் டீச்சர் நால்வர்தான். கெட்டுப்போன தாள் ஒவ்வொன்றையும் எண்ணி, கிழித்து, பின்கட்டில் எரித்தார்கள். டீச்சர் பாவாயிக்கு அருகிலேயே ஒரு இரும்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மொத்தம் நூற்று இருபது கேள்வி.

முதல் நாள் வந்ததெல்லாம் நொதித்தல் பற்றிய கேள்விகள். தயிர் எப்படி உறைகிறது, கள் எப்படிப் புளிக்கிறது, கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து சாராயம் எப்படி வருகிறது, தொட்டியில் சூடு ஏறினால் என்ன ஆகும். பாவாயிக்கு இது எதுவும் தெரியாது. அவர் எழுத்தை மட்டும் கோர்த்துக்கொண்டிருந்தார். ஆனால் நீளமான ஒரு பெயர், சாய்வெழுத்தில், திரும்பத் திரும்ப வந்தது. பன்னிரண்டாவது தடவை வந்தபோது, இது யார் பேர் என்று கேட்டுவிட்டார்.

டீச்சர் சிரித்தார். அது ஈஸ்ட்டின் முழுப்பெயர் என்றார். கள்ளைப் பொங்கவைப்பதும் ரொட்டி மாவை உப்பவைப்பதும் அதுதான், கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர் என்றார். பாவாயி தங்கள் ஊர் சேகோ பேக்டரியில் கழிவுத் தண்ணீர் நின்ற குட்டையைப் பற்றிச் சொன்னார். வெயில் காலத்தில் குட்டை முழுக்கக் கொப்புளம் கொப்புளமாக வெடித்துக்கொண்டே இருக்கும், புளித்த நாற்றம் ஊர் எல்லைவரை வரும், மார்கழியில் பார்த்தால் கொப்புளம் அடங்கிப்போய்க் கிடக்கும் என்றார். டீச்சர் கேள்வித்தாளில் பதினான்காவது கேள்வியை எடுத்துப் பார்த்தார். குளிரில் நொதித்தல் ஏன் மந்தமாகிறது என்பதுதான் அந்தக் கேள்வி.

மறுநாள் விநோதமான பக்கம் ஒன்று வந்தது. நான்கு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்துகள். எல்லாம் பெரிய எழுத்து. நடுவில் இடைவெளி கிடையாது, புள்ளி கிடையாது, ஒரு சொல் கிடையாது. அப்புசாமி அதைப் பார்த்துவிட்டு, டைப்ரைட்டர் கெட்டுப்போயிருக்கும் போலிருக்கிறது என்றார். கெடவில்லை, அப்படியேதான் கோர்க்க வேண்டும், ஒன்றுக்குக் கீழே ஒன்று நேராக வர வேண்டும் என்று டீச்சர் சொன்னார்.

இரண்டாவது வரிசையிலேயே ‘கே’ எழுத்து தீர்ந்துபோயிற்று. சாதாரண இங்கிலீஷில் பெரிய ‘கே’ எப்போதாவதுதான் வரும். பெட்டியில் கொஞ்சம்தான் போட்டு வைப்பார்கள். இங்கே வரிசைக்குப் பதினைந்துக்கும் மேல் கேட்டது. அடுத்து ‘ஜி’யும் குறைந்தது. அப்புசாமி சின்னண்ணனைப் பக்கத்துத் தெரு அச்சகத்துக்கு அனுப்பி, ஒரு கை ‘கே’ வாங்கி வரச் சொன்னார். எதற்கு என்று அவர்கள் கேட்டதற்குச் சின்னண்ணன் பதில் சொல்லாமல் வந்துவிட்டார்.

மூன்று வரிசை முடிந்தது. நான்காவதில் பதினைந்து இருபது எழுத்து போயிருக்கும். பாவாயியின் கை நின்றது. காப்பியைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். கோர்த்து வைத்திருந்த மூன்று வரிசையையும் விரலால் தடவிக்கொண்டே வந்தார். பிறகு மறுபடியும் காப்பியைப் பார்த்தார். என்ன என்று டீச்சர் கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, பிரதியில் இருந்தபடியே அந்த எழுத்தை எடுத்து வைத்தார். மேலே நான்கைந்து எழுத்து போனார். அதற்கு மேல் முடியவில்லை.

“டீச்சருங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. இது ‘ஓ’ங்களா?”

டீச்சர் எட்டிப் பார்த்தார். ஆமாம், ‘ஓ’ என்றுதான் தட்டச்சாகியிருந்தது.

“எனக்கு இதுல என்ன எழுதியிருக்குதுன்னு தெரியாதுங்க. ஆனா காத்தாலயிருந்து இத்தன எழுத்து எடுத்தனே, ஆறு பெட்டியில கையே வெக்கல. பி, ஜே, ஓ, யு, எக்ஸ், இசட்டு. முன்னூறு எழுத்துக்கு மேல ஆச்சு, ஒருக்காகூட வரலைங்க. இப்ப மட்டும் ‘ஓ’ எங்கிருந்துங்க வந்துது?”

டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். பாவாயி நிறுத்தவில்லை. மூன்று வரிசையிலும் அதே இடத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

“இங்க பாருங்க. மொத வரியில ‘க்யூ’. ரெண்டாவதுலயும் ‘க்யூ’. மூணாவதுலயும் அதேதான். அதுக்கு அக்கட்டால சி, எச், டி, வி, இ, கே, ஜி, ஜி. நாலு வரியிலயும் ஒண்ணுபோல இருக்குது. ‘க்யூ’வுக்கு வால் உட்டுப்போயி ‘ஓ’ ஆயிருச்சுங்களோ என்னமோ.”

சொல்லி முடித்ததும் பயந்துபோய் அப்புசாமியைப் பார்த்தார். காப்பியைக் கேள்வி கேட்டாயிற்று. அப்புசாமியும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் நின்றார். டீச்சர் தன் பையிலிருந்து நோட்டை எடுத்துப் பிரித்தார். கையால் எழுதி வைத்திருந்த மூலம் அதில் இருந்தது. ‘க்யூ’தான். தட்டச்சில் பிசகியிருக்கிறது. தட்டச்சுப் பிரதியை டீச்சரே மூன்று முறை சரிபார்த்திருந்தார். வேறு இரண்டு பேராசிரியர்கள் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

அந்த நான்கு வரிசை என்ன என்று டீச்சர் அன்று மதியம் பாவாயிக்குச் சொன்னார். இருவரும் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. உடம்பில் இருக்கிற புரதம் ஒவ்வொன்றும் ஒரு சங்கிலி. அந்தச் சங்கிலியின் கண்ணிகள் இருபது வகைதான். ஒவ்வொரு வகைக்கும் ஒரு எழுத்தை அடையாளமாக வைத்திருக்கிறார்கள். இருபத்தாறு எழுத்தில் இருபது போக மிச்சம் ஆறு. அந்த ஆறு பெட்டியில்தான் பாவாயியின் கை படவில்லை. கல்லூரியில் முதல் மாதம் முழுக்க நடத்துகிற பாடம் அது. பாவாயி ஒரு காலைப் பொழுதில், பாடம் இருக்கிறது என்றே தெரியாமல், விரலால் கண்டுபிடித்துவிட்டார் என்று டீச்சர் சொன்னார்.

இந்த நான்கு வரிசையும் ஒரே வேலை செய்கிற ஒரு புரதம்தான். இழுக்கிற மூச்சை உடம்பு பயன்படுத்திக்கொள்ள உதவுவது. முதல் வரிசை மனுசனுடையது. இரண்டாவது குதிரை. மூன்றாவது கோழி. நான்காவது எது என்று பாவாயி கேட்டார்.

“நேத்துக் கேட்டீங்களே, யார் பேருன்னு. அதுதான்.”

பாவாயி நான்காவது வரிசையை மறுபடியும் தடவினார். சி, எச், டி, வி, இ, கே. அப்படியே மேலே ஏறி மனுசன் வரிசையைத் தடவினார். அதே எழுத்து, அதே வரிசை. கொஞ்சம் தள்ளி இன்னொரு இடத்தில் பதினோரு எழுத்து, ஒன்றுகூட மாறாமல். நடுநடுவே மாறியும் இருந்தது. ஏன் சில இடம் மட்டும் மாறுகிறது என்று கேட்டார். தலைமுறை தலைமுறையாக ஒன்றைப் பார்த்து ஒன்று பிரதி எடுத்துக்கொண்டே வருகிறது, பிரதி எடுக்கும்போது எப்போதாவது ஒரு எழுத்து பிசகும், பிசகினாலும் பாதகமில்லாத இடத்தில் அது தங்கிவிடும், பிசகவே கூடாத இடத்தில் பிசகினால் அந்த உயிர் பிழைக்காது, அதனால் அந்த இடங்கள் மட்டும் கோடிக்கணக்கான வருஷமாக அப்படியே இருக்கின்றன என்றார் டீச்சர்.

பாவாயி கையைக் கழுவப் போனவர் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றார். தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. தன் புறங்கையைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சின்னண்ணன் சொன்னார். பிறகு திரும்பி வந்து டீச்சரிடம் கேட்டார்:

“அப்ப இந்த வரி இப்பவும் என்ர உடம்புல ஓடிக்கிட்டிருக்குதுங்களா?”

இப்போதும்தான், லட்சம் கோடி தடவைக்கு மேல், அடித்த பிரதி அடித்தபடி இருக்கிறது என்றார் டீச்சர். பாவாயி நான்காவது வரிசையைப் பிரித்து மீண்டும் முதலிலிருந்து கோர்த்தார். அவசரமே இல்லாமல்.

மூன்றாம் நாள் டீச்சருக்கு ஒரு ஆசை வந்தது. பாவாயியைச் சோதித்துப் பார்க்க வேண்டும். தாளில் நூற்றுப் பதினேழாவது கேள்வி ஒன்று இருந்தது. ஒரு புரதச் சங்கிலியை ஒரு நொதியால் வெட்டினால் சில துண்டுகள் கிடைக்கும். அதே சங்கிலியை வேறொரு நொதியால் வேறு இடங்களில் வெட்டினால் வேறு துண்டுகள். இரண்டு கட்டுத் துண்டுகளையும் வைத்து முழுச் சங்கிலியின் வரிசையைச் சொல்ல வேண்டும். தேர்வு எழுதுகிற பிள்ளைகள் நடுங்குகிற கேள்வி. டீச்சர் துண்டுகளைத் தனித்தனிச் சீட்டாக எழுதி மேசையில் பரப்பினார். ஒரே வரியைப் பிழை பார்க்க இரண்டு புரூப் எடுத்து, இரண்டையும் வேறு வேறு இடத்தில் கிழித்துப் போட்டால் எப்படியோ அப்படி என்று மட்டும் சொன்னார்.

பாவாயி முதல் கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். அதன் வால் எழுத்து எந்தச் சீட்டின் நடுவில் இருக்கிறது என்று இரண்டாம் கட்டில் தேடினார். கிடைத்ததும் கீழே வைத்தார். அதன் வாலை மறுபடி முதல் கட்டில் தேடினார். கேலி என்கிற எழுத்துத் தட்டு சரிந்து ஈய எழுத்துகள் கொட்டிப்போகும் நாட்களில் பழைய புரூப்பை வைத்து மறுபடி அடுக்குவது அச்சகத்தில் சகஜம். அந்தக் கைதான் இப்போது வேலை செய்தது. ஒரு இடத்தில் மட்டும் இரண்டு சீட்டு பொருந்துவது போல வந்தது. ஒன்றை வைத்துப் பார்த்து, கடைசியில் ஒரு துண்டு மிச்சப்பட்டதும் பின்னால் வந்து மாற்றி வைத்தார். சின்னண்ணன் மெஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றார். அப்புசாமி தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

முப்பது எழுத்துச் சங்கிலி மேசையில் நேராகக் கிடந்தது. டீச்சர் நோட்டோடு ஒத்துப் பார்த்தார். சரியாக இருந்தது.

“மொதலாளி, இவங்கள எங்கூட அனுப்பிருங்க” என்றார் டீச்சர் சிரித்துக்கொண்டே. சிரித்தாலும் கண் கலங்கியிருந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

அப்புசாமி அன்று ஒரு காரியம் செய்தார். எட்டு வருஷத்துக்கு முன் போட்ட சட்டத்தைத் தானே எடுத்துவிட்டார். “இனிமே காப்பியில சந்தேகம் வந்தா கேளு சாமி. யாராயிருந்தாலும் கேளு” என்று மட்டும் சொன்னார்.

அந்தத் தேர்வை எழுதியவர்களில் நானும் ஒருவன். ஜூன் மாதம், மூன்று மணி நேரம். நூற்றுப் பதினேழாவது கேள்விக்கு நான் எழுதிய விடை தப்பு. அந்த ஒரு இடத்தில் பொருந்துவது போல வந்த துண்டை நம்பி ஏமாந்தேன். திரும்பிப் போய் மாற்றத் தோன்றவில்லை. எப்படியோ இடம் கிடைத்துச் சேர்ந்துவிட்டேன். சௌந்திரம் டீச்சர் முதல் வகுப்பில் எங்களுக்குப் புரதத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பாவாயியைப் பற்றித்தான் சொன்னார். நாங்கள் எல்லோரும் பட்டம் வாங்கியவர்கள். அந்த இருபது எழுத்தை மனப்பாடம் செய்து வந்தவர்கள். ஆறு எழுத்து இல்லை என்பது எங்களில் ஒருவருக்கும் ஆச்சரியமாகப் பட்டதே கிடையாது.

அடுத்த இரண்டு வருஷமும் கேள்வித்தாள் பாவாயியிடமே போயிற்று. ‘கே’யும் ‘ஜி’யும் தனியாக ஒரு பெட்டி நிறைய வார்த்து வாங்கி வைத்துக்கொண்டார்கள். இருபது கண்ணிகளின் பெயரையும் பாவாயி தமிழ் எழுத்தில் எழுதி மேசைக்கு மேல் ஒட்டியிருந்தார். அலனின், ஆர்ஜினின் என்று அவர் சொல்லும்போது பக்கத்து ஊர்ச் சொந்தக்காரர்களைச் சொல்வது போல இருக்கும் என்பார் டீச்சர்.

எண்பத்தெட்டில் காத்தான் ரிக்கிலிருந்து இறங்கி ஒரு மாதம் ஊரில் இருந்தார். டீச்சர் கடிதம் போட்டு இருவரையும் பல்கலைக்கழகத்துக்கு வரவழைத்தார். இரண்டு பஸ் மாறி வந்தார்கள். பாவாயி இளநீலச் சேலை, நெற்றியில் பெரிய பொட்டு. விரல் நுனிகளில் ஈயக் கறுப்பு அழுந்திக் கிடந்தது. காத்தான் ஆய்வகத்து வாசலில் செருப்பைக் கழற்றப் போனார், வேண்டாம் என்றோம்.

அன்று ஆய்வகத்தில் நான் இருந்தேன். டீச்சர் குடுவையிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் வைத்து நுண்ணோக்கியைச் சரிசெய்து கொடுத்தார். பாவாயி குனிந்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றார். பிறகு தெரிந்தது. வட்ட வட்டமாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சிலதின் தோளில் சின்ன மொட்டு. குட்டி போடுகிறது, அந்த மொட்டுதான் பிறகு தனியாகப் பிரிந்துபோகும் என்று டீச்சர் சொன்னார். அப்படியானால் இப்போது உள்ளே பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறதா என்று பாவாயி கண்ணை எடுக்காமலே கேட்டார். ஆமாம் என்றார் டீச்சர். வகுப்பில் நாங்கள் யாரும் கேட்காத கேள்வி அடுத்து வந்தது.

“இதுக்குப் புரூப் பாக்கறது யாருங்க?”

டீச்சர் உட்கார்ந்து பதில் சொன்னார். பிரதி எடுக்கிற நொதியே போகிறபோக்கில் ஒரு எழுத்து பின்னால் வந்து சரிபார்க்கும், தப்பானதை எடுத்துவிட்டுச் சரியானதை வைக்கும், அப்படியும் தப்பிப் போனதைப் பிடிக்க வேறு நொதிகள் பின்னாலேயே வரும் என்றார். விஞ்ஞானிகளும் அதற்குப் புரூப் பார்ப்பது என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னபோது, பாவாயி நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தார். தன்னைக் கேலி செய்யவில்லை என்று தெரிந்ததும், இரண்டு கையையும் கூப்பினார். டீச்சரைப் பார்த்துக் கூப்பவில்லை. அந்த நுண்ணோக்கியைப் பார்த்து.

பிறகு காத்தானைக் கூப்பிட்டு, வந்து பாருங்க மாமா என்றார். காத்தான் பெரிய உடம்பைச் சுருக்கிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். அறுநூறு அடி ஆழம்வரை பூமியைத் தோண்டிப் பார்த்த ஆள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் அசையாமல் பார்த்தார். அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது. பிள்ளைகள் வாசலில் வந்து நின்றார்கள். யாரும் அவரை எழுப்பவில்லை.

“உசுரோடயா இருக்குதுங்க?” என்று கேட்டார், கண்ணை எடுக்காமல்.

“ஆமாங்க” என்றார் பாவாயி.